கவிழ்த்து வைத்த மூடிகள்

அளவெடுக்கும் அறையில் குளிரூட்டி நிற்கவே நிற்காது. உள்ளே இருந்த கருங்கல் மேசை சூட்டில் இம்மி விரிந்தாலும் அளவு பிசகிவிடும் என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். அதனால் வெளியே, செரம்பானை ஒட்டிய செனாவாங் தொழிற்பேட்டை வெயிலில் தார் இளகிக் கிடக்க, உள்ளே நான் அப்பாவின் பழைய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்பா விடியற்காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும்போது போட்டுக்கொண்ட சட்டை அது. முழங்கைப் பக்கம் ரப்பர் பால் காய்ந்து கறுத்த திட்டு ஒன்று இருந்தது. எத்தனை துவைத்தும் போகவில்லை. குளிருக்கு அது போதும்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. கார்களுக்கு வேண்டிய பிளாஸ்டிக் சாமான்களைச் செய்து கொடுக்கும் தொழிற்சாலை. போலிடெக்னிக் முடித்து, ஒப்பந்த வேலையாகத் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான்தான். மகன் என்ன வேலை பார்க்கிறான் என்று, நாங்கள் குடியிருந்த தோட்டத்து லயத்தில் யார் கேட்டாலும் அம்மா "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார். அதற்கு மேல் அவருக்குத் தெரியாது. நானும் விளக்கிச் சொன்னதில்லை.

வேலை இதுதான். அச்சிலிருந்து வந்த ஒரு மூடியை எடுத்துக்கொள்வேன். காரில் பியூஸ்கள் இருக்கும் பெட்டிக்கு மேல்மூடி அது. கறுப்பு நிறம், சோற்றுக் கிண்ணம் அளவு. கறுப்பாகவும் பளபளப்பாகவும் இருக்கும் சாமானில் லேசர் ஒளி வழுக்கிக்கொண்டு போய்விடும். அதனால் அதன்மேல் வெள்ளைப் பொடியைத் தெளிப்பேன். திருநீறு பூசிய நெற்றிபோல் அது வெளுத்துப்போகும். களிமண் உருண்டைகளை முட்டுக்கொடுத்து மேசைமேல் அசையாமல் நிறுத்திவிட்டுப் பொத்தானை அழுத்தினால் லேசர் அதன்மேல் மெல்ல ஊர்ந்து போகும். கம்ப்யூட்டர் திரையில் புள்ளி புள்ளியாக மூடி உருவாகிக்கொண்டு வரும், விளக்கில் ஈசல் மொய்ப்பதுபோல. எல்லாப் புள்ளிகளும் சேர்ந்த பிறகு, வடிவமைப்பாளர்கள் கம்ப்யூட்டரிலேயே வரைந்து அனுப்பியிருந்த மூடியைத் திரைக்குக் கொண்டுவந்து இதன்மேல் பொருத்த வேண்டும். வரைந்ததும் வந்ததும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே விலகுகின்றன என்று கம்ப்யூட்டர் நிறம் பூசிக் காட்டும். ஒத்துப்போகிற இடம் பச்சை. வெளியே தள்ளிக்கொண்டிருந்தால் மஞ்சள், இன்னும் தள்ளியிருந்தால் சிவப்பு. உள்ளே அமுங்கியிருந்தால் நீலம். நாள் முழுக்க நான் பார்த்தது இந்த நிறங்களைத்தான். பச்சை வந்தால் சந்தோஷமும் இல்லை, சிவப்பு வந்தால் வருத்தமும் இல்லை. அந்த வருஷம் எனக்கு எதற்கும் அப்படித்தான் இருந்தது.

அப்பா இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கருமாதி முடிந்த கையோடு தோட்டத்தை வீடமைப்புக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள் என்ற செய்தி வந்தது. ஆற்றுப்பக்கம் இருந்து பால்மரங்களைச் சாய்த்துக்கொண்டு வந்தார்கள். லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டினார்கள். தோட்டத்து ஆட்களுக்கென்று மலிவு விலை வீடுகள் ஒரு வரிசை கட்டப் போவதாகவும் சொன்னார்கள். ஆனால் வேலை நிரந்தரம் என்று கம்பெனிக் கடிதம் கொண்டுவருகிற குடும்பத்துக்குத்தான் அதில் பெயர் எழுதுவார்களாம். என்னுடையது ஒப்பந்த வேலை. அந்தக் கடிதம் எனக்குக் கிடைக்காது.

லயத்துப் பெண்கள் ஏழு பேர் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கிளம்பினார்கள். அம்மா எட்டாவது ஆளாகச் சேர்ந்துகொண்டார். கல்யாணமான நாளிலிருந்து பால் வெட்டுவதைத் தவிர வேறு வேலை செய்திராதவர். நான் இருந்த அதே தொழிற்சாலைதான். எட்டுப் பேரையும் காலை ஷிப்ட்டில் மூடி அடிக்கிற மெஷின்களுக்குப் போட்டார்கள். ஆறு மாதம் தகுதிகாண் காலம். அது நல்லபடியாக முடிந்தால் நிரந்தரக் கடிதம். அந்தக் கடிதம் வந்தால் வீடு.

முதல் நாள் தொழிற்சாலை பஸ்சுக்குக் காத்திருந்தபோது அம்மா சொன்னார்: "அங்க என்னை அம்மான்னு கூப்பிடாதய்யா."

"ஏன்?"

"மவன் புடிச்சிக் குடுத்த வேலைன்னு பேசுவாளுங்க. நான் என் கையக் காட்டி வாங்குன வேலை. நீ பாட்டுக்கு இரு, நான் பாட்டுக்கு இருக்கேன்."

"கேன்டீன்ல எதுக்க வந்தா?"

"வந்தா வந்துட்டுப் போறேன். நீ வெறிச்சிப் பாக்காத."

அப்படியே இருந்தோம். ஒரே பஸ்ஸில் போய், ஒரே கேட்டில் இறங்கி, உள்ளே நுழைந்ததும் ஆளுக்கொரு பக்கம் பிரிந்துவிடுவோம். கேன்டீனில் அம்மா தோட்டத்துப் பெண்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார். நான் டெக்னிஷியன்களோடு உட்காருவேன். இரண்டு டிபன் கேரியரிலும் ஒரே குழம்பு இருக்கும். வீட்டுக்கு வந்தாலும் அதிகம் பேச்சு கிடையாது. அப்பா இருந்தபோதும் அவர்தான் பேசிக்கொண்டிருப்பார். நாங்கள் இரண்டு பேரும் கேட்கிற ஆட்களாகவே இருந்துவிட்டோம்.

தகுதிகாண் காலம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. கார் கம்பெனியிலிருந்து மூடிகள் திரும்பி வந்தன. பெட்டியில் வைத்து அழுத்தினால் டக்கென்று பூட்டிக்கொள்ள வேண்டிய மூடி பூட்டவில்லையாம். எங்கள் பிரிவு மேனேஜர் ஒரு சீனர், செரம்பானில் பிறந்து வளர்ந்தவர். தமிழில் அவருக்கு 'சாப்டாச்சா' மட்டும்தான் தெரியும். என்ன பேசுவதென்று தெரியாத நேரத்தில் அதைக் கேட்பார். மற்றபடி என்னோடு மலாயில் பேசுவார். காலை, மாலை, இரவு மூன்று ஷிப்ட்டிலிருந்தும் ஒவ்வொரு அட்டைப்பெட்டி நிறைய மூடிகளைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

மாலை ஷிப்ட் மூடிகள் பச்சையாக வந்தன. இரவு ஷிப்டும் பச்சைதான். காலை ஷிப்ட் மூடிகளில் உடம்பெல்லாம் பச்சையாக இருந்தது. வாய் விளிம்பில் மட்டும், நீளப் பக்கம் இரண்டிலும், சிவப்பு. விளிம்பு இரண்டு பக்கமும் வெளியே அகன்றிருந்தது. விரலால் தடவினால் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. ஆனால் பெட்டியில் பூட்டாது.

மேனேஜர் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "மூன்று ஷிப்ட்டுக்கும் அதே மெஷின், அதே அச்சு. காலையில் மட்டும் என்ன ஆகிறது?" என்றார். பிறகு அவரே, "காலையில் புது ஆட்கள். தோட்டத்துப் பெண்கள்," என்றார்.

நான் அடுத்த மூடியைக் கையில் எடுத்தேன்.

"மெஷினா, ஆளா, கண்டுபிடி. மெஷின் என்றால் அச்சைக் கழற்ற வேண்டும், பெரிய வேலை. ஆள் என்றால் சுலபம். இன்னும் தகுதிகாண் காலத்தில்தானே இருக்கிறார்கள்."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார்.

மறுநாள் காலையில் பஸ் ஏறியபோதே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எங்கள் பக்கத்து வீட்டு அத்தை (உறவில் அத்தை இல்லை, பிறந்ததிலிருந்து அப்படித்தான் கூப்பிட்டு வந்தேன்) பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

"என்னா தம்பி, எங்க மூடிக்கெல்லாம் வாய் செவந்துருக்காமே. யாரு வெத்தல குடுத்தா?"

பஸ் சிரித்தது. டிரைவர் மலாய்க்காரர். அவரும் எதற்கென்று தெரியாமல் சிரித்தார்.

"கம்ப்யூட்டரு நீ சொன்னாக் கேக்கும்ல. பச்சையா வரச் சொல்லு லா," என்றார் அத்தை.

"அப்படில்லாம் சொல்ல முடியாதுத்தை."

"சொல்ல முடியலன்னா அப்புறம் என்னத்துக்கு அத்தன வருஷம் படிச்சே? உங்கப்பா சைக்கிள்ல வச்சி மிதிமிதின்னு மிதிச்சாரு."

இன்னும் கொஞ்சம் சிரிப்பு. அது அடங்கிய பிறகு அவர் எழுந்து வந்து என் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். குரல் தணிந்திருந்தது.

"மெஷின் மேல போட்டுடு தம்பி. மெஷினுக்கென்ன புள்ளகுட்டியா இருக்கு? அது வீடு கேக்கப் போவுதா?"

அம்மா இரண்டு வரிசைக்கு முன்னால் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். திரும்பவில்லை. காதில் விழுந்திருக்கும்.

நான் அத்தையிடம் சொன்னது முழு உண்மை இல்லை. ஓரளவுக்குக் கம்ப்யூட்டரிடம் சொல்ல முடியும். வரைந்த மூடியையும் வந்த மூடியையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்த இரண்டு வழி இருந்தது. மூடியில் திருகாணிக்கு மூன்று துளைகள் உண்டு. அந்த மூன்றையும் சரியாக ஒன்றின்மேல் ஒன்று நிறுத்திவிட்டு மற்ற இடங்களைப் பார்ப்பது ஒரு வழி. துளைகளை விட்டுவிட்டு, மொத்தத்தில் எவ்வளவு நெருக்கமாகப் பொருந்துமோ அப்படிப் பொருத்திக்கொள் என்று கம்ப்யூட்டரிடமே விட்டுவிடுவது இன்னொன்று. அப்படி விட்டால் ஓரிடத்தில் இருக்கும் கோணலை அது எல்லா இடத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு போட்டுவிடும். சிவப்பு மஞ்சளாகும். மஞ்சள் பச்சையாகும்.

அன்று மத்தியானம் அப்படிச் செய்து பார்த்தேன். திரை கிட்டத்தட்ட முழுக்கப் பச்சையானது. ஓரத்தில் மட்டும் லேசாக மஞ்சள், பழுக்க ஆரம்பித்த மாங்காய்போல. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பச்சை மூடியைக் கையில் எடுத்து, மேசைமேல் மாதிரிக்காக வைத்திருந்த பெட்டியில் வைத்து அழுத்தினேன். பூட்டவில்லை. மறுபடி துளைகளை வைத்தே பொருத்தினேன். விளிம்பு சிவந்தது. பெரிதாக எதையும் யோசித்து அப்படிச் செய்யவில்லை. காரில் மூடி அந்த மூன்று துளைகளில்தான் உட்காரப் போகிறது.

அதைச் செய்துகொண்டிருந்தபோதுதான் வேறொன்று தெரிந்தது. காலை ஷிப்ட் பெட்டியில் எல்லா மூடிகளும் சிவக்கவில்லை. அங்கொன்று இங்கொன்றாகச் சில, கொஞ்சமும் பிசகாமல் பச்சையாக இருந்தன. மெஷின் கோளாறு என்றால் எல்லாமே கோணியிருக்க வேண்டும். அந்தப் பெட்டி ஒரே மெஷினில், ஒரே ஆள், ஒரே மணி நேரத்தில் அடித்தது. அதில் சிலது மட்டும் எப்படித் தப்பியது என்று புரியவில்லை. கம்பளிச் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு மெஷின்கள் இருந்த கூடத்துக்குப் போனேன்.

உள்ளே அனலாக இருந்தது. அம்மா மூன்றாவது மெஷினில் நின்றார். தலையில் கம்பெனித் தொப்பி, கையில் துணிக் கையுறை. மெஷின் கதவு திறந்து சூடான மூடி ஒன்று விழுந்தது. அம்மா அதை எடுத்தார். ஓரத்தில் துருத்திக்கொண்டிருந்த பிசிறைக் கத்தியால் ஒரே இழுப்பில் சீவினார். உள்பக்கத்தைத் துணியால் ஒருமுறை சுற்றித் துடைத்தார். அப்படியே கவிழ்த்து, ஏற்கெனவே கவிழ்ந்திருந்த மூடியின்மேல் குல்லா போடுவதுபோல் போட்டார். அடுத்த மூடி விழுந்தது. அதை இதன்மேல் போட்டார். மேசைமேல் அடுக்கடுக்காகக் கறுப்புத் தூண்கள்போல் நின்றன. எட்டு மெஷினிலும் அப்படித்தான். ஒரு அடுக்குகூடச் சாய்ந்திருக்கவில்லை.

லைன் லீடர் மலாய்க்கார அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் அந்த அடுக்குகளைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாகுஸ், நல்ல வேலை, இல்லையா? உங்கள் ஆட்கள் ரொம்பச் சுத்தம். தூசி விழாமல் கவிழ்த்து வைக்கிறார்கள். மற்ற ஷிப்ட்டில் விழுகிற மூடியை அப்படியே பெட்டியில் தூக்கி வீசுகிறார்கள்."

அங்கே நின்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பள்ளி விடுமுறைகளில் அம்மாவோடும் அப்பாவோடும் நானும் வெட்டுக்குப் போயிருக்கிறேன். பால் இறங்குகிற கிண்ணத்தைத் தோட்டத்தில் மங்கு என்போம். பாலை வாளியில் ஊற்றியதும் மங்கை வழித்துத் துடைத்துக் கவிழ்க்க வேண்டும். மங்கு வாயைத் திறந்துகொண்டு கிடந்தால் மழைத் தண்ணீர் நிற்கும், இலை விழும், மறுநாள் பால் கெட்டுப்போகும். மேற்பார்வை பார்க்கிற மண்டோர் பார்த்துவிட்டால், காலையில் பெயர் கூப்பிடுகிற பிரட்டில் எல்லோர் முன்னாலும் நிறுத்தி வைத்துக் கேட்பார். மிச்ச மங்குகளை எடுத்துக்கொண்டு வரும்போது ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிழ்த்து அடுக்குவோம். வாய் மேலே பார்க்க எதையும் வைத்துவிட்டு அந்தப் பெண்களால் அடுத்த வேலைக்குப் போக முடியாது. கவிழ்க்கச் சொல்லி இங்கே யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. கவிழ்க்காதே என்றும் சொல்லவில்லை.

மங்கு சுட்ட பீங்கான். மூடி அப்போதுதான் அச்சிலிருந்து விழுந்த, இன்னும் இளக்கம் போகாத பிளாஸ்டிக். அடியில் இருக்கும் மூடி ஆப்பு மாதிரி மேலே இருப்பதன் வாயை அகட்டுகிறது. அகட்டியபடியே அது ஆறிப்போகிறது. ஒவ்வொரு அடுக்கிலும் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் முதல் மூடிக்குள் மட்டும் வேறு மூடி இல்லை. பச்சையாக வந்தவை அந்த மூடிகள். அலட்சியமாகப் பெட்டியில் வீசிய ஷிப்டுகளின் மூடிகள் தனித்தனியாக ஆறி, வரைந்தபடியே இருந்தன.

மேனேஜரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "நிரூபித்துக் காட்டு," என்றார். ஒரே மெஷினில், ஒரே ஆள், ஒரு தட்டு மூடிகளைக் கவிழ்த்து அடுக்கவும், இன்னொரு தட்டு மூடிகளைத் தனித்தனியாக மல்லாத்தி வைக்கவும் வேண்டும். இரண்டையும் ஸ்கேன் செய்து கார் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். அனுப்புகிற மாதிரிகளில் அடித்த ஆளின் நம்பர் இருக்க வேண்டும் என்பது கார் கம்பெனியின் விதி.

மறுநாள் லைன் லீடர் அக்கா மெஷின்களை நிறுத்தி, யார் செய்கிறீர்கள் என்று கேட்டார். நான் மாதிரிகளில் ஒட்டுவதற்கான சிட்டைகளையும் பேனாவையும் வைத்துக்கொண்டு நின்றேன். மேனேஜர் பக்கத்தில் இருந்தார். எட்டுப் பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிட்டையில் நம்பர் எழுதுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். நம்பர் எழுதினால் என்ன ஆகும் என்பது தெரியாது. அத்தை தன் கையுறையைப் பார்த்தார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"நான் செய்றேன் சார்," என்றார் என்னிடம்.

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். மேனேஜருக்குத் தெரியாது.

"எப்படி வைக்கணும் சார்?"

"இந்தத் தட்டுல நீங்க எப்பவும் வைக்கிற மாதிரியே. அந்தத் தட்டுல வாய் மேல பாத்து, ஒன்னோட ஒன்னு படாம."

"தூசி விழுமே சார்."

"விழட்டும்."

"தொடைச்சிக்கலாமா?"

"சூடு ஆறுனப்புறம் தொடைங்க."

மெஷின் ஓடியது. கவிழ்த்து வைக்கிற தட்டில் அவர் கை பழைய வேகத்தில் போய்வந்தது. மல்லாத்துகிற தட்டுக்கு வந்ததும் தடுமாறியது. எடுத்த மூடியைப் பாதி திருப்பிவிட்டு, நினைவு வந்து, மறுபடி நிமிர்த்தினார். முதல் சில மூடிகளுக்கு அப்படி நடந்தது. கடைசி வரை அவர் அந்தத் தட்டை ஒருமாதிரியாகவே பார்த்தார், குளிக்க வைக்காத பிள்ளையைப் பார்ப்பதுபோல.

"உங்க நம்பர் என்னா?" என்று கேட்டேன். அதுவரை எனக்கு அது தெரியாது. அம்மா லைனில் சொல்கிற மாதிரி மலாயில் ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னார். ஒவ்வொரு சிட்டையிலும் எழுதினேன்.

முடிவு நினைத்தபடியே வந்தது. மல்லாத்திய தட்டு முழுக்கப் பச்சை. அடுக்கிய தட்டில் அடி மூடியைத் தவிர எல்லாம் சிவப்பு. அறிக்கையை எழுதினேன். காரணம்: சூடான மூடியை எப்படி வைக்க வேண்டும் என்று வேலைக் குறிப்பில் எங்கும் சொல்லப்படவில்லை. அதைத்தான் முதலில் எழுதினேன். அடுக்கி வைத்ததை அதற்குப் பிறகு எழுதினேன். மேனேஜர் எதையும் வெட்டாமல் அனுப்பினார்.

பதில் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு எதிரே உட்காரச் சொன்னார்.

"சோதனையை ஏற்றுக்கொண்டார்கள். இனிமேல் மல்லாத்தித்தான் வைக்க வேண்டும், லைனில் படம் போட்டு ஒட்டச் சொல்லிவிட்டேன். இன்னொன்று கேட்கிறார்கள். சம்பந்தப்பட்ட ஆள் மேல் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று. உன் அறிக்கையில் ஒரு நம்பர் இருக்கிறதே, அதைக் கேட்கிறார்கள்."

"அது சோதனைக்கு அடித்த ஆளின் நம்பர். எட்டுப் பேரும்தான் அப்படி அடுக்கினார்கள். யாரும் சொல்லித் தரவில்லை," என்றேன்.

"எனக்குத் தெரியும். அதையும் எழுதிவிட்டேன். அவர்களுக்கு அந்த இடத்தில் ஒரு வரி வேண்டும். எட்டுப் பேர் என்று எழுதினால் எட்டுப் பேரையும் நிறுத்த வேண்டும். ஒரு நம்பர் என்றால் ஒருவர். லைனை உனக்குத்தான் தெரியும். நாளைக்குச் சொல்."

நான் எழுந்தேன். கதவருகே வந்தபோது, "சாப்டாச்சா?" என்றார்.

"சாப்பிட்டேன்," என்றேன்.

அது என் அம்மா என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அறிக்கையையே சந்தேகப்பட்டிருப்பார். அம்மாவும் சொல்லக்கூடாது என்றுதான் சொல்லியிருந்தார். இதை எல்லாம் அப்போது வரிசையாக யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். அறைக்குத் திரும்பினேன். அடுத்த மூடிக்குப் பொடி அடித்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் அம்மா நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து சொன்னேன். கையை நிறுத்தாமல் கேட்டார்.

"எட்டுன்னு எழுதுனா?"

"எட்டுப் பேரையும் நிறுத்திருவாங்க."

"ஒன்னுன்னா?"

"உங்கள."

"மத்தவளுங்களுக்குக் கடிதம் வருமா?"

"வரும்."

"அப்புறம் என்னத்துக்கு இதப் போயி கேட்டுக்கிட்டு இருக்கே?"

"வீடு?"

"ஏழு வூடு வருதுல்ல."

"நமக்கு?"

"நீ படிச்சவன். எங்கயாச்சும் ஒரு ரூம்பு பாத்துக்கலாம். அவ எங்க போவா, நாலு புள்ளைங்கள இழுத்துக்கிட்டு?" பக்கத்து வீட்டுச் சுவரை நோக்கித் தாடையை அசைத்தார்.

வெளியே மரம் அறுக்கிற சத்தம் அடங்கியிருந்தது. பக்கத்து வீட்டில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒன்று மட்டும் கேட்க வேண்டியிருந்தது.

"அன்னிக்கு நீங்க ஏம்மா முன்னால வந்தீங்க?"

"யாரும் வரலியே." கிள்ளிய தலைகளைத் தாளில் ஒதுக்கினார். "நீ வேற பேனாவப் புடிச்சிக்கிட்டு நின்னுகிட்டே இருந்தே."

மறுநாள் மேனேஜரிடம் ஒன்று என்று சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

கடிதங்களை மாதக் கடைசியில் கேன்டீனில் வைத்துக் கொடுத்தார்கள். எட்டுப் பேருக்கும் உறை கிடைத்தது. எல்லா உறையும் ஒரே மாதிரி இருந்ததால் பஸ் ஏறும் வரை யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பஸ்ஸில் பெண்கள் உறையைப் பிரித்து, ஆளுக்கு ஆள் காட்டி, 'தெத்தாப்' என்ற வார்த்தை இருக்கிறதா என்று தேடினார்கள். நிரந்தரம் என்பதற்கு மலாயில் அதுதான். அந்த ஒரு வார்த்தையை மட்டும் எல்லோரும் அடையாளம் தெரிந்து வைத்திருந்தார்கள். கண்டுபிடித்தவர்கள் விரலை அதன்மேல் வைத்துக்கொண்டார்கள்.

அம்மா தன்னுடையதைப் பிரிக்கவில்லை. அன்று முதல்முறையாக என் பக்கத்துச் சீட்டில் வந்து உட்கார்ந்து, உறையை என் மடியில் வைத்தார்.

"படி."

படித்தேன். பிறகு தமிழில் சொன்னேன். தகுதிகாண் காலத்தோடு வேலை முடிகிறது. அடையாள அட்டையையும் தொப்பியையும் திருப்பித் தர வேண்டும். இதுவரை செய்த சேவைக்கு நன்றி.

"நன்றின்னு போட்டுருக்கானா?"

"போட்டுருக்காங்க."

"சரி. மடிச்சி வையி."

அத்தை எங்கள் சீட்டுக்குப் பின்னால் நின்றார். அவர் கையில் உறை இருந்தது. "அக்கா," என்றார். எங்கள் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"உக்காரு லா. வளைவுல விழுந்து தொலையாத," என்றார் அம்மா.

திங்கட்கிழமை நான் தனியாகப் பஸ் ஏறினேன். அம்மா வழக்கமான நேரத்துக்கே எழுந்து சமைத்து, ஒரு கேரியரை மட்டும் கட்டிக் கொடுத்தார். கூடத்தில் மூன்றாவது மெஷினுக்கு வேறொரு பெண்ணைப் போட்டிருந்தார்கள். மெஷினுக்கு மேலே இரண்டு படங்கள் ஒட்டியிருந்தன. கவிழ்ந்த மூடிகளுக்குக் குறுக்குக் கோடு, மல்லாந்த மூடிகளுக்குச் சரி. காலை ஷிப்ட் மூடிகளை எடுத்து வந்து பொடி அடித்தேன். பச்சை. அடுத்ததும் பச்சை. அச்செடுத்த தாள்களை மேனேஜரிடம் கொடுத்தேன். பாகுஸ் என்றார்.

தோட்டத்தை விட்டு, செரம்பான் பக்கம் ராசா என்ற இடத்துக்குப் போனோம். ஒரு மளிகைக்கடைக்குப் பின்னால் ஒற்றை அறை, குளியலறை வெளியே. அம்மாவுக்குக் கோயிலை ஒட்டியிருந்த சாப்பாட்டுக் கடையில் காய் நறுக்குகிற வேலை கிடைத்தது. என் ஒப்பந்தம் பிறகு நிரந்தரமானது. அதற்குள் அந்த வரிசை வீடுகளுக்கெல்லாம் பெயர் எழுதி முடித்துவிட்டார்கள்.

அத்தை புது வீட்டில் பால் காய்ச்சியபோது எங்களையும் கூப்பிட்டிருந்தார். முதல் பஸ் பிடித்துப் போனோம். சுண்ணாம்பு வாசம் போகாத வீடு. எங்கள் லயம் இருந்த இடம் எது என்று எனக்குப் பிடிபடவில்லை. மேட்டை எல்லாம் வெட்டிச் சமமாக்கியிருந்தார்கள். அம்மா நேரே அடுப்படிக்குப் போய், கேட்காமலே சேலையைச் செருகிக்கொண்டு வேலையை எடுத்துக்கொண்டார். காலையிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி கலந்து கொடுத்துக்கொண்டிருந்தார். அத்தை இரண்டு மூன்று முறை வந்து, "நீங்க போயி உக்காருங்கக்கா," என்றார். அம்மா நகரவில்லை.

பகாவிலிருந்து வந்திருந்த அத்தையின் உறவுக்காரப் பெண் ஒருவர் அடுப்படியில் நின்று அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தார்.

"நீங்களும் தோட்டத்து ஆளுதானாமே. உங்க வூடு எத்தனாவதுக்கா?"

"நாங்க ராசாவுல இருக்கோம்."

"ராசாவா. நல்ல எடம் லா. பஸ்சுல்லாம் பக்கம்."

"ஆமா. பஸ்சு பக்கம்தான்," என்றார் அம்மா. சீனி டின்னைச் சாய்த்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "சீனி பத்தாது. ஒரு கிலோ வாங்கிட்டு வா."

அந்த வரிசையில் அப்போது கடை எதுவும் திறந்திருக்கவில்லை. பெரிய ரோடு வரை நடந்து போய் வாங்கி வந்தேன்.